சைவமும் காலவேறுபாடும்

சமயம் காலத்துக்கேற்ப மாறத்தக்கதோ, அன்றோ என்னும் வினா இந்நாளில் எம்மவர் பலராலும் எழுப்பப்படுகின்றது. மாறலாகாது என்பர் ஒரு சாரார். மாறாதது நிலைபெறாது என்பர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் தத்தங் கட்சிக்குத் தம் மனக்கருத்தையே சான்றாகக் காட்டுகின்றனர். இந்த யாழ்ப்பாணத்திலே சைவம் கடந்த இருநூறு வருஷத்தில் உள்ளபடியே எதனை மாற்றிற்று, எதனை மாற்றாது வைத்தது, மாற்றியபொழுது எவர் உள்ளே வந்தனர், எவர் வெளியே நின்றனர் என்று நோக்குவார் மிகச் சிலரே. ஆதலின் இப்பாடத்தில் அதனையே எடுத்துக்கொண்டோம். உயர்தர வகுப்பு மாணாக்கரும், அறநெறிப் பாடசாலைகளிற் கற்பிக்கும் இளைஞரும் இதனைப் பொறுமையோடு வாசிப்பாராக.

முதற்கண் ஒரு பாகுபாடு செய்துகொள்ளல் வேண்டும். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி என்பது சைவசித்தாந்தத் துணிபு. அவற்றின் இலக்கணம் 1850இல் ஒன்று, 2000இல் மற்றொன்று என்று கூறுவார் சைவராகார். ஆனால், சரியை கிரியைகள் உடம்பினாலே, ஓரிடத்திலே, ஒரு காலத்திலே செய்யப்படுவன. இடமும் காலமும் வேறுபட, செய்யும் முறையும் சிறிது சிறிதாக வேறுபடுதல் இயல்பு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே பூசைகள் மணிக்கூட்டின் முள்ளோடு ஒத்து நிகழ்தலை யாவரும் புகழ்கின்றனர். நாழிகைக் கணக்கிற் காலமறிந்த முன்னோர்க்கு நிமிஷந் தவறாத அவ்வொழுங்கு புதுமையாகவே தோன்றியிருக்கும். ஒலிபெருக்கி எவ்வாகமத்திலும் விதிக்கப்பட்டதன்று. ஆயினும், அது ஆகமவிரோதமென்று கூறி நீதிமன்றேறிய தர்மகர்த்தா ஒருவரையும் யாம் கேள்வியுற்றிலோம். மாற்றம் வந்தபொழுதெல்லாம் எம்மவர் எதிர்த்தனர் என்பது இதனாற் பொய்யாகின்றது. சிலவற்றை எதிர்த்தனர், சிலவற்றை விலைகொடுத்து வாங்கினர். எவற்றை எதிர்த்தனர் என்பதே ஆராயற்பாலது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே சைவப்பிள்ளைகளின் கல்வி திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நிகழ்ந்தது. பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதி, அரிச்சுவடி முடித்து, ஆத்திசூடி முதலிய நீதிநூல்களையும் நிகண்டையும் மனனஞ் செய்வர். பொருள் பின்னரே விளங்கும். சிலர்க்கு விளங்காமலே போதலும் உண்டு. கோயில்களிலே புராணபடனம் நிகழும். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். கேட்பவர் முன்னரே அன்பராயினார். அவ்வவையில் எழுந்து நின்று ஐயம் வினவுதல் மரபன்று. நூல்களெல்லாம் ஏட்டில் இருந்தன. ஏடுகள் சில வீடுகளில் இருந்தன. அவ்வீடுகளின் வாயில் எல்லார்க்குந் திறந்திருந்ததில்லை.

இந்நிலையில் மிஷனரிமார் வந்தனர். உவெஸ்லியன் சங்கத்தார் 1814இலும், அமெரிக்க மிஷனார் 1816இலும் யாழ்ப்பாணத்தில் அடிவைத்தனர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும், உடுவிற் பெண்பாடசாலை 1824இலும் தொடங்கின. 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிப்பட்டது. கணிதமும் பூகோளமும் வானசாஸ்திரமும் ஆங்கிலமும் ஒருங்கே கிடைத்தன. அவற்றோடு சைவத்தைக் குறைகூறுஞ் சிறுபிரசுரங்களும் கிடைத்தன. அப்பிரசுரத்தைக் கையிலேந்தி வீட்டுக்கு வந்து, “நாம் ஏன் திருநீறு பூசுகின்றோம்?” என்று வினவிய பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க, அவன் தானே வாசித்தறியத்தக்க நடையில் எம்மிடம் ஒரு நூல் இருந்ததில்லை. புலவர் இருந்தனர், சாத்திரம் வல்லாரும் இருந்தனர். அவர்தம் அறிவு அப்பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி வரவில்லை. அக்காலத்துச் சைவத்துக்கு நேர்ந்த இடரைப் பாதிரிமாரின் சூழ்ச்சி என்று மாத்திரங் கூறி அமைதல் போதாது. படி வகுத்த கல்வி எம்மிடம் இல்லாமையே பெரிய காரணம்.

இக்குறையை உள்ளிருந்து கண்டவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர். 1822இல் நல்லூரிலே பிறந்த அவர், யாழ்ப்பாணத்து உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபொழுது அவர்க்கு உற்ற துணையாயிருந்தார். அதன்பொருட்டு அவரோடு சென்னைக்குஞ் சென்றுவந்தார். இப்பணியை நாவலர் சரித்திரத்தில் ஒரு மறுவென்று எண்ணி, மெல்லக் கூறிக் கடந்துவிடுவார் உளர். யாம் அங்ஙனம் எண்ணுகின்றிலோம். ஒரு நூலை வரிவரியாக மொழிபெயர்த்தவர், அதனை நாடோறும் ஓதுவாரிற் பலரைக் காட்டிலும் நுணுக்கமாக அறிவர். 1854இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்திலே, சைவக்கிரியைகளை இகழ்ந்த பாதிரிமார்க்கு, பைபிளிலே கூறப்படும் இஸ்ரவேலரின் ஆலயக் கிரியைகளை எடுத்துக்காட்டி அவர் விடையிறுத்தது அவ்வறிவின் பயனே.

1847ஆம் வருஷம் டிசெம்பர் 31ஆந் தேதி, வெள்ளிக்கிழமை, வண்ணைச் சிவன் கோயில் வசந்தமண்டபத்திலே அவர் முதற் பிரசங்கத்தைச் செய்தார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1849இல் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தமிழகஞ் சென்றார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்க்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர்.

பிரசங்கமும் பாடசாலையும் அச்சும் இன்று எமக்குப் பழமையாய்த் தோன்றுகின்றன. அன்று அவை மூன்றும் புதுமைகள். பிரசங்கத்தை முதலில் நோக்குவாம். புராணபடனத்தில் நூல் முன்னே செல்லும். பயன் சொல்பவர் பின்னே செல்வர். சூரபன்மன் போருக்கு வந்துவிட்டால், ஊரிலே கள்ளுக்கடை பெருகியதைப்பற்றிப் பேச அவர்க்கு இடமில்லை. பிரசங்கத்திலோ பேசுபவரே பொருளைத் தெரிந்துகொள்வர். அன்றைக்கு ஊரில் உள்ள குறை எதுவோ அதனை எடுத்து, சாத்திரத்தை அதற்குச் சான்றாக அழைக்கலாம். சமயத்தைத் திருத்துதற்கு இதனினும் வலிய கருவி வேறில்லை. நாவலர் அக்கருவியைக் கிறிஸ்தவர்மேல் மாத்திரம் ஏவினாரல்லர். 1872இல் அவர் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலையை வாசிப்பவர், அதிலே சைவரும் கடிந்துரைக்கப்படுதலைக் காண்பர்.

அச்சின் வலிமை வேறு வகையானது. 1852இல் பெரியபுராணத்தை அவர் வசனநடையில் வெளியிட்டார். சந்தி பிரித்து, நிறுத்தக்குறிகள் இட்டு, செய்யுட் பயிற்சி இல்லாதவரும் வாசித்துப் பொருளுணரும்படி அதனைச் செய்தார். பாலபாடங்களும் சைவவினாவிடைகளும் வந்தன. ஒரு வினா, அதற்கு ஒரு குறுகிய விடை. அது முடிந்தபின் அடுத்த வினா. திருநீறு யாது என்று வினவிய பிள்ளைக்கு இப்போது கையிலே கொடுக்க ஒரு நூல் இருந்தது. அந்நூலைக் கொடுத்த தாய்க்கு அதனை விளக்கும் வல்லமை இல்லாவிடினும் குற்றமில்லை. நூல் தானே விளக்கிற்று.

ஈண்டு ஓர் ஐயம் எழும். அதனை வினாவிடையாகவே கூறுவாம்.

வினா: இவையெல்லாம் கிறிஸ்தவரிடம் இரவல் வாங்கியன அல்லவா? இரவலாற் காக்கப்பட்ட சமயம் தன்னிலை பிறழாதோ?

விடை: வினாவிடை முறை எமக்கு முற்றும் அயலானதன்று. மெய்கண்ட சாத்திரம் பதினான்கினுள் உண்மைவிளக்கம் மாணாக்கன் வினவ ஆசிரியர் விடையிறுக்கும் முறையில் அமைந்தது. உமாபதிசிவாசாரியர் செய்த வினாவெண்பா தன் பெயரிலேயே வினாவைத் தாங்கி நிற்கின்றது. இவை தீக்கை பெற்ற முதிர்ந்த மாணாக்கர்க்குரியன. அம்முறையைப் பாலர்க்கும் ஆக்கி, விலை குறைத்து, ஆயிரக்கணக்கில் வழங்கும் வகையையே எம்மவர் மிஷனரிமாரிடம் கண்டுகொண்டனர். தென்னிலங்கைப் பௌத்தரும் பின்னர் இவ்வழியே சென்றனர். கர்னல் ஒல்கொற்று என்னும் அமெரிக்கர் பௌத்த வினாவிடையை 1881இல் வெளியிட்டார். அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னரே வண்ணார்பண்ணையில் அச்சு ஓடிற்று. பகைவன் கையிலிருந்த வாளைப் பறித்தவனை இரவல் வாங்கினான் என்று எவருங் கூறார்.

யாமும் கிறிஸ்தவக் கல்லூரியொன்றிலே பயின்றோம். காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்றோம். தேவாரமும் ஞானகீதமும் எம் நாவில் ஒருங்கே ஏறின. அங்கே பெற்ற பயன்களுள் ஒன்றை மாத்திரம் ஈண்டுக் கூறுவாம். எதனைச் சொன்னாலும் அதிகாரமும் வசனமும் காட்டு என்று கேட்கும் வழக்கம் எமக்கு அங்கேயே உண்டாயிற்று. பின்னர்ச் சைவப்பாடம் கற்பிக்கும்பொழுது, ‘இது முன்னோர் மரபு’ என்று ஒருவர் கூறினால், எந்த முன்னோர், எந்த நூல், எந்த வருஷம் என்று வினவ மனம் ஏவுகின்றது. இவ்வினாவைச் சிலர் சைவத்துக்கு ஆகாததென்பர். நாவலரும் இவ்வினாவையே வினவினார் என்பதை அவர்க்கு நினைவூட்டுகின்றோம்.

1870களிலே நாவலர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை நோக்கி வினவியது அதுவே. மூலஸ்தானத்திலே விதிப்படி அமைந்த விக்கிரகம் இன்றி வேல் வைக்கப்பட்டிருத்தல் ஆகமத்துக்கு இசையுமோ என்றார். கோயில்களிலே ஆட்டுக்கடாக்களைப் பலியிடுதலையும், தாசிகளின் ஆடலையும் கண்டித்தார். நெடுங்கால வழக்கம் என்று கூறினார்க்கு, வழக்கம் வேறு, விதி வேறு என்று விடை கூறினார். நல்லூர் விஷயத்தில் அவர் கருத்து நிறைவேறவில்லை. இன்றும் அங்கே மூலஸ்தானத்தில் வேலே பூசிக்கப்படுகின்றது; யாழ்ப்பாணம் முழுதும் அவ்வேலின்முன் திரள்கின்றது. அது நிற்க. எமக்கு வேண்டுவது இது: நாவலர் கையில் ஆகமம் வழக்கத்தைத் திருத்துங் கருவியாயிருந்தது.

இனி, மறைத்தற்கரியதொன்றைக் கூறல் வேண்டும். நாவலர் சாதியொழுங்கை உடன்பட்டவர். அவர் வகுத்த கல்வி உயர்குலத்தார் எனப்பட்டாருடைய பிள்ளைகளை நோக்கியே அமைந்தது. பெண்கல்வியிலும் சைவர் பிந்தினர். உடுவிற் பாடசாலை 1824இல் தொடங்கியிருக்க, சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திலே சைவப் பெண்பிள்ளைகட்கு விடுதியோடு கூடிய கல்லூரியைத் தாபித்தது 1913இல். இடைப்பட்டவை 89 வருஷங்கள். நாவலர் 1879இல் சிவபதமடைந்தபின், 1888இல் சைவபரிபாலனசபை தோன்றிற்று. 1889இல் இந்துசாதனப் பத்திரிகையும், 1890இல் யாழ்ப்பாணம் இந்துக்கல்லூரியும் அதன்வழி வந்தன. 1923இல் அமைந்த சைவவித்தியாவிருத்திச் சங்கம் ஊர்தோறும் சென்று நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்திற்று. இவையெல்லாம் பெருமைக்குரிய வைபவங்கள். ஆனால் 1920களின் ஈற்றிலே, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றைப் பிள்ளைகளோடு ஒரே வாங்கிலிருந்து கற்கவேண்டும் என்னுஞ் சமாசனக் கொள்கை வந்தபொழுது, அதனை எதிர்த்தவருள் திருநீறணிந்தோர் பலர் இருந்தனர். ஆங்கிலத்தை ஏற்றனர்; அச்சை ஏற்றனர்; மேசையையும் வாங்கையும் ஏற்றனர்; வாங்கின் மற்றை நுனியில் அமர வந்த பிள்ளையை ஏற்றாரல்லர்.

இங்கேதான் அச்சின் இயல்பு வெளிப்படுகின்றது. ஏடு தன்னை வாசிப்பவனைத் தெரிந்துகொள்ளும். எவர் வீட்டுப் பெட்டியில் உளதோ அவரே அதனை வாசிப்பர். அச்சிட்ட நூல் அங்ஙனந் தெரிந்துகொள்ளாது. நாவலர் வசனத்தில் அச்சிட்ட பெரியபுராணத்திலே திருநாளைப்போவார் சரித்திரம் உளது. கோயிலுட் புக உரிமை மறுக்கப்பட்ட குலத்திற் பிறந்த அடியாரைத் தில்லைக்கூத்தன் தானே ஏற்றுக்கொண்ட வரலாறு அது. அவர் தீயில் மூழ்கி எழுந்தே உட்புக நேர்ந்தது என்பதனையும் மறைத்தலாகாது. அத்தீயைப்பற்றிய வாதம் இன்னும் முடிந்திலது. அந்நூலிலேயே வேடராகிய கண்ணப்பரும், பரதவராகிய அதிபத்தரும், வண்ணாராகிய திருக்குறிப்புத்தொண்டரும் உளர். கோயில் வீதியிலே நிறுத்தப்பட்ட ஒருவர் எழுத்தறிந்து இந்நூலைக் கையில் எடுத்தால், அவர் எதனை வினவுவர் என்பதை ஊகித்தற்கு அரும்புலமை வேண்டுவதில்லை. சைவத்தைக் கிறிஸ்தவரிடமிருந்து காக்க அச்சிட்ட நூலே, சைவரை நோக்கிச் சைவர் வினவும் நூலாயிற்று.

அவ்வினா 1968இல் மாவிட்டபுரங் கந்தசுவாமி கோயில் வாயிலில் வந்து நின்றது. ஆடியமாவாசையிற் கீரிமலைத் தீர்த்தத்தோடு நிறைவெய்தும் மகோற்சவ காலம். ஒடுக்கப்பட்ட சாதியார் உட்சென்று வழிபட வேண்டி வாயிலிலே சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்களை மறித்தவர்க்குத் தலைவராய் நின்றவர் சி. சுந்தரலிங்கம். அவர் ஒக்ஸ்போர்ட்டிற் கற்றவர், கணிதப் பேராசிரியர், 1947இல் அமைந்த மந்திரிசபையில் அங்கம் வகித்தவர். மறித்தோர் கோயில் வழமையையும் ஆகமத்தையுமே ஆதாரமாகக் காட்டினர். 1957ஆம் வருஷத்துச் சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டத்தின்படி அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டுத் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் இலண்டனிலுள்ள பிரிவிக்கவுன்சில் வரை முறையிட்டார். அம்முறையீடும் 1971இல் தள்ளப்பட்டது.

மாணாக்கர் இதனை நிதானமாக நோக்குவாராக. மறித்தவர் நவீனத்தை வெறுத்தவரல்லர். மேனாட்டுப் பல்கலைக்கழகத்திற் கற்று, ஆங்கில நீதிமுறையின் உச்சிப்படி வரை ஏறியே பழைய வாயிலைக் காக்க முயன்றனர். வெளியே இருந்தவரும் சமயத்தை வெறுத்தவரல்லர். முருகனைக் காணவேண்டுமென்றே வெயிலில் இருந்தனர். அவர்க்குத் துணைநின்றோருட் சிலர் பொதுவுடைமைக் கட்சியினர் என்பது ஒரு குறையாகக் கூறப்படும். கட்சிக்காரர் துணைநிற்கும் வரையிற் சைவசபையார் எங்கே நின்றனர் என்பது அதற்கு எதிர்வினா. அக்காலத்தே மனங்கசந்து பௌத்தந் தழுவினாரும் உளர், கிறிஸ்தவராயினாரும் உளர். நாவலர் ஊணுறக்கமின்றிப் பாடுபட்டது ஒரு பிள்ளைதானும் புறச்சமயம் புகாமைப்பொருட்டு. அவர் பெயரைக் கூறிக்கொண்டே வாயிலை அடைத்தோர் எத்தனை குடும்பங்களைப் புறத்தே செலுத்தினர் என்பதை எவருங் கணக்கிட்டிலர்.

நூறு வருஷத்துக்குள் ஆகமத்தின் பயன் இவ்வாறு திரிந்தது. 1870களில் அது வழக்கத்தைத் திருத்துங் கருவி. 1968இல் வழக்கத்தைச் சூழ்ந்த வேலி. நூல் மாறிற்றிலது. நூலைக் கையில் எடுத்தவர் அதனை எதற்கு எடுத்தனர் என்பதே மாறிற்று. ஆகவே, ‘ஆகமத்தில் உளதா?’ என்னும் வினா நல்ல வினாவேயாயினும், அது தனித்துப் போதாது. அதனோடு, ‘ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குக்கும் இதே வினாவை வினவினீரோ?’ என்பதையுஞ் சேர்த்து வினவல் வேண்டும். ஒன்றுக்குக் காட்டிய நெகிழ்ச்சியை மற்றொன்றுக்குக் காட்டாதவர் ஆகமத்தைக் காப்பவரல்லர். தம் இருப்பிடத்தைக் காப்பவர்.

2018இல் நிகழ்ந்ததொன்று இதற்கு உதாரணமாகும். வரணிப் பகுதியிலே ஒரு கோயிற்றேர், மண்ணகழும் இயந்திரத்தினால் இழுக்கப்பட்டதென்று பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. எல்லாச் சாதியாரும் வடம் பிடிக்க நேருமென்று அஞ்சியே இயந்திரங் கொண்டுவரப்பட்டதென்பது அன்றெழுந்த குற்றச்சாட்டு. தேர்வடத்தை அடியார் கை பற்றுதலே தேர்த்திருவிழாவின் உயிர். அக்குற்றச்சாட்டு மெய்யாயின், புதுமை என்று கூறத்தக்கதெல்லாம் அங்கே இருந்தது. அடியார் கை மாத்திரம் இல்லை. காலத்துக்கேற்ப மாறுதல் என்பது இயந்திரங் கொள்ளுதலே என்று எண்ணுவார்க்கு இதனினும் தெளிவான மறுப்பை யாம் எழுத்தாற் கூற இயலாது.

பிரசங்கபீடத்தின் கதை இதனின் வேறாக நடந்தது. அது கை மாறிற்று. சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் 1925 முதல் 2008 வரை வாழ்ந்தவர், ஆசிரியராயிருந்தவர். தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டு நடத்தினார். புராணபடன அவைகளிலே பெண்கள் ஒதுங்கியிருந்து கேட்டனர். அவர்களுள் ஒருத்தி மேடையேறி, ஆயிரக்கணக்கானோர்க்குப் பெரியபுராணத்தை எடுத்துரைத்தார். கோயில் வருவாயைக் கொண்டு ஆதரவற்ற பெண்பிள்ளைகட்கு இல்லம் அமைத்தார். போரினால் ஊரெல்லாம் இடம்பெயர்ந்த காலத்திலும் அப்பணி நின்றுவிடவில்லை. பெண் கோயில் நிருவாகஞ் செய்தல் தகுமோ என்று தொடக்கத்தில் முணுமுணுத்தார் இருந்திருப்பர். பின்னர் அம்முணுமுணுப்பு எவர் காதிலும் விழவில்லை. இம்மாற்றத்துக்கு நீதிமன்றமும் வேண்டியிருக்கவில்லை. செய்து காட்டியமையால் ஏற்கப்பட்டது.

பாடசாலையின் கதை துயரமும் நன்மையும் கலந்தது. 1960ஆம், 1961ஆம் வருஷத்துச் சட்டங்களினால் உதவிபெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் கையிற் சென்றன. சைவவித்தியாவிருத்திச் சங்கம் அரும்பாடுபட்டு வளர்த்த பாடசாலைகளும் சென்றன. இழப்பென்று அழுதவர் பலர். ஆனால், அரசினர் பாடசாலையின் வாயிலிலே சாதி வினவுதற்கு இடமில்லை. எம்மவர் தாமாகச் செய்யத் தயங்கியதைச் சட்டம் ஒரு நாளிற் செய்தது. இப்பொழுது சைவநெறி என்பது க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குரிய பாடங்களுள் ஒன்று. பிள்ளைகள் ஆணவம், கன்மம், மாயை என்று பிழையின்றி எழுதி அதிவிசேட சித்தி பெறுகின்றனர். நாவலரின் வினாவிடை முறை வெற்றி பெற்றுவிட்டது போலும் என்று தோன்றும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அக்காலத்துப் பிள்ளைக்கு வினா உள்ளிருந்து எழுந்தது, விடைநூல் இல்லை. இக்காலத்துப் பிள்ளைக்கு விடைநூல் உண்டு. கடந்தகால வினாத்தாள்களும் உண்டு. வினா மாத்திரம் உள்ளிருந்து எழுவதில்லை. அறநெறிப் பாடசாலைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வா என்றால், ரியூசன் வகுப்பு உண்டு என்கின்றனர். வெள்ளிக்கிழமை மாலைக்கும் அதே விடை. பெற்றோரைக் குறைகூறிப் பயனில்லை. அறநெறி வகுப்பிலும் பரீட்சை வினாவையே கற்பித்தால், பிள்ளை அதனை நன்றாகக் கற்பிக்கும் ரியூசன் வகுப்புக்குச் செல்வதே நியாயம்.

அந்நியநாடுகளிற் குடியேறிய எம்மவர் நிலையையும் சிறிது நோக்குவாம். அங்கே திருவிழாக்கள் பெரும்பாலும் சனி ஞாயிறுகளிலே அமைக்கப்படுகின்றன. மற்றை நாட்களில் அடியார்க்கு வேலை. ஜேர்மனியிலே ஹம் நகரிற் காமாட்சியம்பாளுக்கு 2002இற் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. ஆண்டுதோறும் தேர் வீதியுலா வருகின்றது. சுவிற்சர்லாந்திலே பேர்ண் நகரில் 2014இற் பல சமயத்தார்க்கும் பொதுவாகத் திறக்கப்பட்ட இல்லத்திலே, ஒரே கூரையின்கீழ் பள்ளிவாசலும் பௌத்த ஆலயமும் கிறிஸ்தவ தேவாலயமும் இருக்க, சைவநெறிக்கூடமும் இடம்பெற்றுள்ளது. அங்கே வழிபாடு தமிழில் நிகழ்கின்றது. பிறப்புரிமை கருதாது, கற்றுத் தீக்கை பெற்றவரே பூசை செய்கின்றனர். இங்குள்ள குருமாருள் இதனை ஏற்பாரும் உளர், ஏலாதாரும் உளர். பூசைத் தகுதிபற்றிய ஆகம விசாரணை நெடியது. அதனை வேறொரு பாடத்துக்கு வைப்போம். ஆனால், அந்நியநாட்டில் நிகழ்வதை ‘ஊர் மரபு தெரியாத பிள்ளைகளின் செய்கை’ என்று தள்ளுவார் ஒன்றறிதல் வேண்டும். அவர்கள் இவ்வூரிற் பிறந்து, இவ்வூர் வாயில்களைக் கண்டு சென்றவர்கள். எதனை உடன் கொண்டுசெல்வது, எதனை விட்டுச்செல்வது என்பதை அவர்களே தெரிந்துகொண்டனர்.

இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். இதனை மனனஞ் செய்விக்க வேண்டா. வருஷங்களை மாத்திரம் ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டி, பின்வருமாறு மாணாக்கரை அனுப்புக. ஒவ்வொருவருந் தத்தம் ஊர்க்கோயிலுக்குச் சென்று, எழுபது வயதுக்கு மேற்பட்டார் இருவரையேனும் கண்டு வினவுவாராக. கோயிலுக்கு மின்விளக்கு எவ்வருஷம் வந்தது? ஒலிபெருக்கி எவ்வருஷம் வந்தது? கோயிற் கிணற்றிலே எல்லாரும் நீரள்ளத் தொடங்கியது எவ்வருஷம்? தேர்வடத்தை இன்னார் பிடிக்கலாகாது என்னும் வழக்கம் இருந்ததா, அது எப்பொழுது நின்றது, அல்லது நின்றதா? இருவரில் ஒருவர் உபயகாரராய் இருக்கலாம். மற்றவர் அக்காலத்தே வெளிவீதியில் நின்று கும்பிட்டவராய் இருத்தல் வேண்டும். இருவருங் கூறிய வருஷங்கள் வேறுபட்டால் இரண்டையும் எழுதுக. விடை கூற மறுப்பார் உளராயின், மறுத்தார் என்பதையும், வினவிய தேதியையும் எழுதிக் கொணர்க.